துப்பாக்கியின் வாயை வெட்டாதீர்கள்

அப்பா இறந்த மறுவாரமே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டோம். லைசென்ஸ் அவர் பேரில். லைசென்ஸ்காரர் போய்விட்டால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. என் பேருக்கு லைசென்ஸ் வந்து, அது திரும்ப பாளையம்பட்டி வீட்டுக்கு வந்துசேர இரண்டு வருஷத்துக்குமேல் ஆனது. சாக்கைப் பிரித்தபோது வலது குழலின் வெளிப்புறத்தில் கை அகலத்துக்குத் துரு. மடக்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. தாத்தாவும் அப்பாவும் எண்ணெய் போட்ட புண்ணியம்.

இதை வைத்து இனி தட்டு சுடப்போகிறேன், ஸ்போர்ட்டிங் கிளேஸ் விளையாடப்போகிறேன் என்று சொன்னதும் நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள்.

அத்தான் சொன்னார்: "மாப்ள, வாய் குறுகலா இருக்குல்ல, முனையில ரெண்டு அங்குலம் அறுத்துரு. சோலி முடிஞ்சது."

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் சொன்னார்: "அறுக்க வேணாம் சார். உள்ள கடைஞ்சு விட்டுர்றேன். ஒரு நாள் வேலை."

ரேஞ்சில் பழக்கமான நண்பர்: "பாஸ், இதை யாருக்காவது வித்துட்டு ஒரு இத்தாலித் துப்பாக்கி வாங்குங்க. இதெல்லாம் மியூசியத்துல வைக்கிறது."

கடைசியாக, கதை எழுதுகிற நண்பன்: "சுடவே வேணாம்டா. இதை வச்சு ஒரு கதை எழுது. கரிசக்காடு, தாத்தா, கௌதாரி வேட்டை. பிச்சிக்கிட்டுப் போகும்."

நான்குமே தப்பு. இந்தக் கட்டுரை அந்த நான்கு பேரோடும் வரிசையாகச் சண்டை போடுவதற்காக.

*

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் என்பதால் முதலில் கொஞ்சம் பாடம். ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். ரைஃபிளில் இருப்பது மாதிரி முறுக்குக் கோடுகள் கிடையாது. தோட்டாவுக்குள் சில நூறு ஈய ரவைகள் இருக்கும். வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் இருக்கிற ஒரு சின்ன இறுக்கம். அதற்குப் பேர்தான் சோக். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகுமே, ஏறக்குறைய அந்தக் காரியம்.

12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். முனையில் அது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் ஃபுல் சோக். அரை மில்லிமீட்டர் என்றால் ஹாஃப். கால் மில்லிமீட்டர் என்றால் குவார்ட்டர். சுருக்கமே இல்லாவிட்டால் சிலிண்டர். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம் போட்டுச் சுட்டால் ஃபுல் சோக் 100க்கு 70 ரவையை வட்டத்துக்குள் போடும். சிலிண்டர் 40 போடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கும் காரணம் ஒரு மில்லிமீட்டர் இரும்பு. அதைத்தான் அத்தான் ரம்பத்தால் தீர்க்கப் பார்த்தார்.

இன்றைக்கு வரும் துப்பாக்கிகளில் இந்த முனை தனித் துண்டு. மரை போட்டிருக்கும். கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளலாம். பழசில் அது குழலோடு பிறந்தது. எங்களுடையது பர்மிங்ஹாமில் செய்த பக்கம்பக்கமான இரட்டைக்குழல். குழலின் அடியில் புரூஃப் முத்திரைகளோடு ஆங்கிலத்தில் 'சோக்' என்று பொறித்திருக்கிறது. தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம் என்றும் இருக்கிறது. வலது குழல் ஹாஃப், இடது ஃபுல். எங்கள் வட்டாரத்துக்கு இது பொருத்தம்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் போய்ப் பாருங்கள். ஒளிந்து நிற்க மரம் கிடையாது. மல்லியும் உளுந்தும் போட்ட மானாவாரிக் கரிசலில் மனுஷன் வருவது கௌதாரிக்கு முக்கால் பர்லாங்கிலேயே தெரியும். அது தூரத்தில்தான் எழும். தூரத்துக்கு இறுக்கமான வாய் வேண்டும்.

ஸ்போர்ட்டிங் கிளேஸில் வருவது கௌதாரி இல்லை, 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டு. பேர்தான் மண்தட்டு, இன்றைக்கு அதைச் செய்வது சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து. முதலில் நிஜப் புறாக்களைத்தான் கூண்டிலிருந்து விட்டுச் சுட்டார்கள். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே உயிருள்ள புறாவைச் சுடும் போட்டி நடந்தது. அதற்கு முன்பே 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் லிகாவ்ஸ்கி என்பவர் மண்தட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒலிம்பிக்கில் இப்போது இருக்கிற ட்ராப்பும் ஸ்கீட்டும் அந்தத் தட்டை அளந்து வைத்த கோணங்களில் எறிபவை. ஸ்போர்ட்டிங் கிளேஸ் வேறு. வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்துத் துப்பாக்கிப் பள்ளிகளில் பிறந்தது. ஒரு நிலையில் தட்டு தலைக்கு மேலே வரும், இன்னொன்றில் செங்குத்தாக ஏறும், இன்னொன்றில் தரையில் உருண்டு ஓடும். அந்த உருளும் தட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் முயல்.

வேலைக்காக இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தபோது அந்த முயலை முதன்முதலில் பார்த்தேன். அங்கே அனுமதி பெற்ற மைதானத்தில் சொந்த லைசென்ஸ் இல்லாதவனும் அவர்கள் துப்பாக்கியால் சுடலாம். வரப்பு மாதிரி ஒரு மேட்டில் தட்டு குதித்துக் குதித்து ஓடிற்று. சிரித்துவிட்டேன். கமலைக் கிணற்றுப் பக்கம் முயல் ஓடுகிற அதே ஓட்டம். பக்கத்தில் ஒரு தாத்தா, எங்கள் துப்பாக்கியைவிட வயதான ஒரு இரட்டைக்குழலை வைத்துக்கொண்டு அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வாயை அறுக்கவுமில்லை, கடையவுமில்லை. என் சண்டைக்கு விதை அங்கே விழுந்தது.

*

முதலில் அத்தான். அவருக்குச் சட்டமும் தெரியும் என்பதுதான் சிக்கல். "20 அங்குலத்துக்குக் கீழ போனாத்தான மாப்ள தப்பு? ஒன்னோடது 28 இருக்கு. ரெண்டு போனா 26. எவன் கேப்பான்?"

கேட்பான். 20 அங்குலம் என்கிற கணக்கு, எந்தத் துப்பாக்கிக்கு எளிதாக லைசென்ஸ் தரலாம் என்று சொல்லும் 13ஆம் பிரிவில் வருவது. குழலைக் குட்டையாக்குவதற்கு 6ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் யாரும் குழலைக் குறைக்கக் கூடாது. எத்தனை அங்குலம் என்ற பேச்சே அதில் இல்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிற ஊர் நம்முடையது. அங்கே யாராவது டேப் வைத்து அளந்து, லைசென்ஸில் இருக்கிற நீளம் இல்லையே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "தட்டு சுடத்தான் சார் அறுத்தேன்" என்றா?

சட்டத்தை விடுவோம். இரும்புக்கும் அது ஆகாது. சோக் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது. அறுத்தால் இரண்டு குழலுமே சுத்த சிலிண்டர். 20 கஜத்தில் வரும் தட்டுக்குச் சரி. 35 கஜத்தில் குறுக்கே போகும் தட்டுக்கு? ரவைக்கும் ரவைக்கும் நடுவில் தட்டு நுழைந்து போய்விடும். இரண்டு விதமாகச் சுடும் துப்பாக்கியை ஒரே விதமாகச் சுடும் துப்பாக்கியாக மாற்றிவிட்டு அதற்குத் தகவமைத்தல் என்று பேர் வைக்கிறோம். அப்புறம், பக்கம்பக்கமான குழல்களுக்கு நடுவில் மேலும் கீழும் பட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே காலி இடம். முனையில் அதை ஒரு சின்ன ஆப்பு வைத்து அடைத்திருப்பார்கள். ரம்பம் அந்த ஆப்போடு சேர்த்து அறுத்துவிடும். திறந்த ஓட்டைக்குள் ஐப்பசி ஈரம் போகும். பத்து வருஷத்தில் பட்டை தூக்கிக்கொண்டு வரும். வெளியே தெரிகிற துருவைத் தேய்க்கலாம். உள்ளே ஓடுகிற துருவை என்ன செய்வது?

*

இரண்டாவது யோசனை, கடைந்து விடுவது. நாகரிகமானது மாதிரி தெரிகிறது. குழல் நீளம் குறையாது, வெளியே அடையாளம் தெரியாது, அறுக்கிற அளவுக்கு அவலம் இல்லை. நானே ஒரு காலத்தில் இதை நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, சித்தப்பாவுக்கும் சொன்னேன்.

அவருடையது இந்தியாவில் செய்த இரட்டைக்குழல், இரண்டுமே இறுக்கம். "கொஞ்சம் கடைஞ்சு விட்டா நல்லா விரியும் சித்தப்பா" என்று எங்கேயோ படித்ததை வைத்துச் சொன்னேன். கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரே நாளில் வேலை முடித்துத் தந்தார்கள். அடுத்த முறை ரேஞ்சில் தாளில் சுட்டுப் பார்த்தபோது வலது குழல் 40 கஜத்தில் குறியைவிட இரண்டு அடி இடது பக்கம் போட்டது. கடைசல் உளி குழலின் நடு மையத்தில் போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து மறு பக்கம் அப்படியே நிற்கிறது. பக்கம்பக்கமான துப்பாக்கியில் இரண்டு குழலும் 40 கஜத்தில் ஒரே இடத்தில் அடிக்கிற மாதிரி ஒட்டியவர்கள் எத்தனை நாள் கண்ணை வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த வேலை ஒரு மதியத்தில் போயிற்று.

எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி விடுப்பா" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து நான் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்ல கருவியும் கையும் உள்ள ஆள் கடைந்தால் சரியாக வரும், உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்பது உண்மை. குழல் முனையில் சுவர் கனமாக இருந்தால் மரை போட்டு மாற்றுச் சோக்கும் பொருத்தலாம். ஆனால் பழைய குழல்களின் சுவர் மெலிசு. அதை அளக்கிற கருவி எத்தனை பட்டறையில் இருக்கிறது? அளக்காமல் கை வைப்பவனிடம் கொடுக்கலாமா? திருப்பிப் போட முடியாத வேலையைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும். முதலில் திருப்பிப் போட முடிகிற வேலை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட வேண்டும். நான் சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயம்தான்.

*

அந்தத் திருப்பிப் போட முடிகிற வேலைகள் என்னென்ன?

முதல் வேலை, சுடலாமா என்று தெரிந்துகொள்வது. குழல் டமாஸ்கஸ் வகையாக, அதாவது இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துச் செய்ததாக இருந்தால், சுவரில் அழகாக மாட்டி வைத்துவிடுங்கள். புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு அவற்றில் பலவும் சோதிக்கப்பட்டவை அல்ல. எங்களுடையதில் நைட்ரோ புரூஃப் முத்திரை இருக்கிறது, சாதாரண எஃகு. தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பள்ளம், வீக்கம், ஆட்டம் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் தோட்டா பக்கமே போனேன்.

அடுத்தது தோட்டாவின் நீளம். இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2½ அங்குல அறை என்றால் 65 மில்லிமீட்டர் தோட்டா. இன்றைக்கு எங்கும் கிடைப்பது 70. அந்த 70ஐ 65 அறையில் போட்டால் சிக்கல் இல்லாமல் உள்ளே போகும், துப்பாக்கி மூடும், எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும். ஏனென்றால் தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போடுவது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் இருக்கும் சரிவில் போய் இறுகும். அழுத்தம் எகிறும். "உள்ள போகுதுல்ல, அப்ப சரிதான்" என்பது நம்மூரில் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை. இங்கே மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, வாடு. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. இப்போதைய தோட்டாக்களில் அது பிளாஸ்டிக் கிண்ணம். ரவையை அணைத்துக்கொண்டே குழலைத் தாண்டும், அதனால் ரவை சிதறாது. எங்கள் துப்பாக்கியைச் செய்தவர்கள் காலத்தில் பிளாஸ்டிக் ஏது? கம்பளியும் அட்டையும்தான். அந்த வாடுக்கு ஏற்றபடிதான் அவர்கள் வாயை இறுக்கினார்கள். பழைய ஃபுல் சோக்கில் புதிய பிளாஸ்டிக் தோட்டாவைப் போட்டால் அது ஃபுல்லுக்கும் மேலே ஃபுல் ஆகிவிடுகிறது. பிறகு "பழைய துப்பாக்கி ரொம்ப இறுக்கம்" என்று புகார். இறுக்கியது யார்?

சோதித்துப் பார்த்தேன். தினத்தந்தித் தாள்களை ஒட்டிப் பெரிய விரிப்பாக்கி, ரேஞ்சில் 40 கஜத்தில் கட்டி, ஒவ்வொரு வகைக்கும் ஐந்து தடவை. 28 கிராம் தோட்டா, சுமார் 350 ரவை. ராத்திரி வீட்டில் பேனாவை வைத்து ஓட்டை எண்ணினோம். பாதியை அம்மா எண்ணினார். இடது குழலில் பிளாஸ்டிக் வாடு: வட்டத்துக்குள் சராசரி 262. அதே குழலில் கம்பளி வாடு: 231. வலது குழலில் கம்பளி வாடு: 193. கணக்குப் போட்டால் 75, 66, 55 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் இரும்பைக்கூடத் தொடாமல், தோட்டாப் பெட்டியை மாற்றியதிலேயே ஃபுல் ஒரு படி இறங்கிவிட்டது. வலதும் ஹாஃபிலிருந்து குவார்ட்டர் பக்கம் வந்துவிட்டது. 20 கஜத் தட்டுக்கு வலது, தூரத்துத் தட்டுக்கு இடது. ஸ்போர்ட்டிங் கிளேஸில் பாதிக்குமேல் தட்டுகள் ஜோடியாக வரும், ஒன்று கிட்டத்தில் ஒன்று தூரத்தில். இரட்டைக்குழலில் இரண்டு விசை இருக்கிறது. எந்த வாய் வேண்டும் என்பதை விரல் அந்த நொடியில் தேர்ந்துகொள்ளும். மாற்றுச் சோக் வைத்திருப்பவர் ஒவ்வொரு நிலைக்கும் நின்று சாவி போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார். பழசு என்று நாம் சொல்வதில் இந்த வசதி கூடவே வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை என்று ஒன்று உண்டு. அதைப் பழைய ஃபுல் சோக்கில் சுடவே கூடாது. ஈயம் நசுங்கிப் போய்விடும், எஃகு நசுங்காது, குழல் வாய் பிதுங்கும்.

மீதி எல்லாம் சில்லறை வேலை. தாத்தா என்னைவிடக் குள்ளம், அவர் அளவுக்குக் கட்டை. பின்னால் ஒரு ரப்பர் உறை மாட்டினேன், ஒரு அங்குலம் கூடிற்று. வேட்டைத் துப்பாக்கிகளில் கன்னம் வைக்கிற இடம் தாழ்ந்திருக்கும். அதனால் துப்பாக்கி தாழ்வாகச் சுடும், ஏறுகிற தட்டுக்குக் கீழே போகும். தோலில் ஒரு பட்டை தைத்துக் கட்டி உயர்த்தினேன், செருப்புத் தைக்கிறவர் 150 ரூபாய் வாங்கினார். ஒவ்வொரு முறை மடக்கி மூடும்போதும் சேஃப்டி தானாகவே பூட்டிக்கொள்ளும். முதல் நாள் நான்கு தட்டு அதனாலேயே போயிற்று. அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. கட்டைவிரலுக்குப் பழக்கிக்கொண்டேன். நாளைக்கே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் தாத்தா வைத்திருந்த துப்பாக்கி அப்படியே இருக்கும். என் பிள்ளைக்கு வேறு யோசனை இருக்கலாம் அல்லவா?

*

மூன்றாவது, இத்தாலித் துப்பாக்கி. அந்த நண்பர் மேல் கோபம் இல்லை. போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அவர் சொல்வதில் ஒளிந்திருப்பது, இந்த விளையாட்டு யாருடையது என்கிற கேள்வி.

இந்தியாவில் தட்டு உடைத்துப் பேர் வாங்கியவர்களைப் பாருங்கள். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய கர்ணி சிங், பிகானேர் மகாராஜா. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் ட்ராப் தங்கம் வாங்கிய ரந்தீர் சிங், பட்டியாலா அரச குடும்பம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் வாங்கியவர்களில் ஒருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டவருமான நம்ம பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். மூன்று பேருமே திறமைசாலிகள், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவத்திலிருந்து வந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அரண்மனை, இல்லையென்றால் பட்டாளம். சம்சாரி வீட்டுத் துப்பாக்கி எங்கே?

அது லைசென்ஸ் புத்தகத்தோடு பீரோவில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் என்று வாங்கியது. வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று அதில் எழுதியிருக்கும். ஸ்போர்ட்டிங் கிளேஸ் ஒரு ஆட்டம் 50 அல்லது 100 தட்டு. ஒரு மதியத்தில் ஒரு வருஷத்துத் தோட்டா தீர்ந்துவிடும். இத்தாலித் துப்பாக்கியை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. மாற வேண்டியது துப்பாக்கி இல்லை. ரேஞ்சில் ரேஞ்சின் தோட்டாவை வாங்கி அங்கேயே சுட்டு, காலிக் கூட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு வர எளிய வழி வேண்டும். ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம் என்பதால் ஸ்போர்ட்டிங் கிளேஸுக்கு இங்கே இடமே ஒதுக்குவதில்லை. அதை மாற்ற வேண்டும். பழைய இரட்டைக்குழலுக்குத் தனிப் பிரிவு வைக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் வயதானவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறோமே, அது மாதிரி.

*

நான்காவது, என் எழுத்தாள நண்பன். இவனோடுதான் எனக்குப் பெரிய சண்டை.

தமிழில் துப்பாக்கி என்றாலே வேட்டைக் கதை. கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தோம். பிறகு நம் தாத்தாக்களுக்கும் அதே தொப்பியை மாட்டிவிட்டோம். தாத்தா கௌதாரியைச் சுட்டார், உண்மை. ராத்திரி சோளக்காட்டில் பன்றிக்குக் காவல் இருந்தார், உண்மை. அந்தக் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸும் போனது. கௌதாரியும் முயலும் மயிலும் நம் கைக்கு அப்பால். நல்லதுதான். என் சின்ன வயதில் கண்மாய்க் கரையில் கேட்ட கௌதாரிச் சத்தத்தில் பாதி இப்போது இல்லை. சீமைக்கருவேலத்தையும் பூச்சிமருந்தையும் தாண்டி மிச்சமிருப்பதையும் சுட்டுத் தீர்ப்பது பெருமையா?

அதனால் இந்தத் துப்பாக்கிக்கு மிச்சமிருக்கிற யோக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான், தட்டு உடைப்பது. அதைச் செய்யவிடாமல் கதையாக்கிச் சுவரில் மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரில் மாட்டிய துப்பாக்கி சும்மா இருக்காது. அது பார்க்கிறவனிடம் பேசும். ஊர் பேரிலேயே பாளையம் இருக்கிறது. 1801இல் பாளையக்காரர் ஆயுதங்களைக் கம்பெனி பிடுங்கியதும், 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு மட்டும் லைசென்ஸ் கேட்டதும் இங்கே எல்லாச் சாதிக்கும் தெரியும். அந்தக் காயத்துக்கு மருந்தாக நாம் கண்டுபிடித்தது வீறாப்பு. நடுவீட்டில் துப்பாக்கி, கல்யாண பேனரில் துப்பாக்கி, சாமி ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம். 2019 திருத்தத்தில் அந்த வாணவேடிக்கைச் சூட்டுக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று தனியாக எழுத வேண்டிவந்தது. 1957 முதுகுளத்தூரை நினைவில் வைத்திருக்கிற ஜில்லாவில் துப்பாக்கியைக் காட்டிப் பேசுவது விளையாட்டு இல்லை.

"அப்போ துப்பாக்கியே வேணாம்னு சொல்லேன்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிச் சொல்பவர்களை நான் மதிக்கிறேன். ஈயம் மண்ணில் சேரும் என்பவர்களையும்தான். தட்டு மைதானம் கண்மாய் நீர்ப்பிடிப்பில் இருக்கக் கூடாது, விழுந்த ஈயத்தை அள்ள வேண்டும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற துப்பாக்கியிலிருந்து வீறாப்பைக் கழற்ற ஒரு வழி எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் ஒரு மதிப்பெண் பலகைக்கு முன்னால் நிறுத்துங்கள். தட்டு உடைந்தால் 1, உடையாவிட்டால் 0. உன் தாத்தா யார், உன் ஊரில் உனக்கு எத்தனை ஏக்கர் என்று அந்தப் பலகை கேட்காது.

போன தை மாதம் ட்ராப் போட்டி இல்லாத ஒரு நாளில், ரேஞ்சில் இரண்டு எந்திரத்தை இடம் மாற்றி வைத்து, ஒன்றைத் தரையோடு சாய்த்து முயலும் விட்டுப் பார்த்தோம். 25 தட்டு. தாத்தாவின் துப்பாக்கியில் நான் 14. பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண், ரேஞ்சின் பொதுத் துப்பாக்கியில் 19. அத்தானும் கூட வந்திருந்தார். அவர் முறை வந்தபோது 25க்கு 6.

பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியை மடக்கி, வாய்ப் பக்கம் ஊதிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"வாய்ல ஒன்னும் கோளாறு இல்ல மாப்ள" என்றார். "அந்தப் புள்ளைய அடுத்த வாரமும் வரச் சொல்லு. முயலுக்கு எங்க பாக்கணும்னு கேக்கணும்."